மார்பில் ஒரு சர்வே கல்

இந்த ஊர் மார்பகப் பரிசோதனை நிலையத்தில் ஆண்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. வாசலருகே, கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவன்மார் உட்காரும் இடம். போன பிப்ரவரியில் நானும் பழக்கதோஷத்தில் அதில்தான் போய் உட்கார்ந்தேன். வரவேற்பில் இருந்த பெண்மணி என் மனைவி சுமதியிடம் இளஞ்சிவப்பு அங்கி ஒன்றை நீட்டி, "முதல் தடவையா? பயப்பட ஒன்றுமில்லை" என்று கையைத் தடவிக்கொடுத்தாள். சுமதி அதை வாங்கி அப்படியே என் மடியில் போட்டாள். "அன்பான கணவர், துணியெல்லாம் பிடித்துக்கொள்கிறார்" என்றாள் அந்தப் பெண்மணி. "இல்லை, நோயாளியே நான்தான்" என்றேன். ஆறு பெண்கள் பத்திரிகையிலிருந்து ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். கனடாவுக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் இத்தனை பேர் சேர்ந்து என்னைக் கவனித்தது அன்றைக்குத்தான்.

ஆண்களுக்கும் வருமா என்று கேட்பீர்கள். அபூர்வமாக வருமாம். எனக்கு வலது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. ரத்த அழுத்த மாத்திரையின் வேலையாக இருக்கலாம், இருந்தாலும் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். பயாப்ஸி என்ற சொல்லை அவர் காலநிலை சொல்வதுபோலச் சொன்னார். ஊசி என்றால் நான் பக்கத்துத் தெருவுக்கு ஓடும் ஜாதி. இந்த முறை ஓட முடியவில்லை. காரணம் என் கட்டி அல்ல, இன்னொரு கட்டி.

அது பாபநாசம் பக்கத்தில், எங்கள் ஊரில் இருக்கும் மங்கை அக்காவுடையது. அவளுக்கு அறுபத்துமூன்று வயது. அத்தான் போன பிறகு நிலம் முழுவதையும் தனியாகப் பார்க்கிறாள். ஆடியில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. நடவு முடியட்டும் என்றாள். முடிந்தது, களை எடுக்கட்டும் என்றாள். பிறகு தை அறுப்பு. அதற்குப் பிறகு உளுந்து. டெல்டாவில் வேலையில்லாத மாதம் கிடையாது என்பது கனடாவில் இருந்தபடி அறிவுரை சொன்ன எனக்கு மறந்துபோயிருந்தது. நடுவில் மருமகள் தஞ்சாவூருக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுத்தாள். ஊசி வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கேயே அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஊசியால குத்தினா கட்டி கோவிச்சுக்கும்டா. சும்மா கெடக்கறதைக் கிளறிவிட்டா ஒடம்பு பூரா ஓடிடும்."

"குத்தறதால பரவாதுக்கா. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"ஒன் மாருல குத்தினா தெரியும்."

பத்தினி வாக்கு. மூன்றே வாரத்தில் பலித்தது. விஷயத்தைச் சொன்னபோது, "ஒனக்கு எங்கேர்ந்துடா மாரு வந்துச்சு?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "சரி. நீ போயிட்டு வந்து உள்ளது உள்ளபடி சொல்லு. அதை வச்சுத்தான் நான் போறதா வேண்டாமான்னு" என்றாள்.

உள்ளது உள்ளபடி என்று அவள் அழுத்தியதில் ஐம்பது வருடக் கோபம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக மதகு வழியாகச் சுற்ற வேண்டும். வாய்க்காலில் இறங்கினால் குறுக்கு வழி. எனக்கு எட்டு, அவளுக்குப் பதினான்கு. "நீ மொதல்ல எறங்கி ஆழம் பாருடா" என்பாள். ஒருநாள் தண்ணீருக்குள் இருந்த மண்மேட்டில் ஏறி நின்றுகொண்டு "முழங்கால்தான்க்கா" என்றேன். நம்பி இறங்கினாள். இடுப்புவரை போய், பரீட்சை நோட்டு கையைவிட்டு நழுவி, ஊர் தாண்டி மிதந்தது. அதிலிருந்து நான் சொல்லும் எந்த ஆழத்தையும் அவள் பாதியாகக்கூட நம்பியதில்லை.

ஆகவே ஒற்றனைப்போல எல்லாவற்றையும் கவனிப்பது என்ற முடிவோடு உள்ளே போனேன். முதலில் மேமோகிராம். படம் எடுக்கும் பெண் அங்கியை விலக்கிப் பார்த்துவிட்டு, "பவுடர் போடக் கூடாதென்று தாளில் எழுதியிருந்தோமே" என்றாள். தைரியத்துக்காகக் காலையில் மார்பில் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தேன். "பவுடர் இல்லை, சாம்பல்" என்றேன். அவள் முகம் கனிந்தது. "யாருடைய சாம்பல்?" என்று மெதுவாகக் கேட்டாள். சாணத்தைச் சுட்டு எடுப்பது என்று விளக்க வாய் வரவில்லை. "மாட்டுடையது" என்றேன். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டு ஈரத்துணியால் மரியாதையாகத் துடைத்தாள். பூசியதைத் துடைக்காவிட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, நோய் மாதிரியே தெரியலாமாம். எங்கள் ஊரில் நோயை விரட்டும் பொருள் இங்கே நோயாகவே வேடம் கட்டுகிறது.

அடுத்த அறைக்குச் சுமதியையும் கூடவே விட்டார்கள். ஸ்கேன் டாக்டர் வந்தார், என் மகள் வயதுப் பெண். நான் எழுந்து நின்று அங்கியை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குவது எங்கள் பக்கத்து ரத்தத்தில் ஊறியது. அவரோ பதறிப்போய் மறுபடி போர்த்திவிட்டு, தேவையான பக்கத்தை மட்டும் திறந்தார். ஜில்லென்று களிம்பு, திரையில் கறுப்பும் வெள்ளையுமாக, உழுது விட்ட வயல்போல என் மார்பு. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஊசியைச் செலுத்துகிறார்கள், குருட்டாம்போக்கில் அல்ல. மரத்துப்போக ஒரு ஊசி. கட்டெறும்பு கடித்தாற்போல் சுருக், பிறகு எரிச்சல், பிறகு ஒன்றுமில்லை. "இப்போது சத்தம் கேட்கும்" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். ஆபீஸில் தாள்களைச் சேர்த்து அடிக்கும் ஸ்டேப்ளர் சத்தம். நாலு முறை. சத்தத்துக்குத்தான் துள்ளினேன், வலிக்கு அல்ல. வலிக்கிறதா என்று கேட்டார். தலையை இடமும் வலமுமாக நம்மூர் வழக்கப்படி ஆட்டினேன். ஆமா இல்லையா என்று புரியாமல் அவர் நர்ஸைப் பார்க்க, நர்ஸ் சுமதியைப் பார்க்க, "அவர் நல்லா இருக்கார், எப்பவும் இப்படித்தான்" என்று தீர்ப்பு வந்தது.

கடைசியில், எடுத்த இடத்தில் எள்ளளவு உலோகத் துணுக்கு ஒன்றை உள்ளேயே விட்டார்கள். பின்னால் யாராவது பார்க்க வேண்டி வந்தால் இடம் தெரிய வேண்டுமாம். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, தையல் இல்லாமல் ஒட்டுப்போட்டு, பனிக்கட்டிப் பையை வைத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கனமான எதையும் தூக்காதே என்றார்கள். அதை மட்டும் சுமதியிடம் மூன்று முறை மொழிபெயர்த்தேன், அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்ததை வீடியோவில் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை.

"உள்ள ஏதோ வச்சாங்கன்னியே, என்னடா அது?"

"நெலத்தை அளந்தா சர்வேயர் கல்லு நடுவாரில்ல, அந்த மாதிரி. அடுத்து வர்றவங்க தேடக் கூடாதுன்னு."

அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஆழம் எவ்ளோ சொல்லு."

"முழங்கால்தான்க்கா. சத்தியமா."

"இடுப்புன்னு வச்சுக்கறேன்" என்றாள். அடுத்த திங்கட்கிழமை தஞ்சாவூருக்குப் போனாள், இரண்டு பாவாடை மாற்றுக்கு எடுத்துக்கொண்டு. எனக்கு இங்கே காலை காபி. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒலித்தது. "முழங்கால்தாண்டா" என்றாள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு மன்னிப்புக் கிடைத்தது.

எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரையை மாற்றிவிட்டார்கள். அக்காவுக்கு இருந்தது. சின்னது, பரவவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம். அவளுக்கும் கல் நட்டிருந்தார்கள். அதை அடையாளம் வைத்துத்தான் அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது மறுபடி வரப்பில் நின்று ஆட்களை அதட்டுகிறாள்.

நேற்றுப் பேசும்போது கேட்டாள். "என் கல்லைக் கட்டியோட சேத்து எடுத்துட்டாங்க. ஒன்னோடது?"

"அது அப்படியே இருக்கும்க்கா. எடுக்கத் தேவையில்லையாம்."

ஊரில் எனக்குள்ள பங்கு நிலம் இன்னும் கூட்டுப் பட்டாவில், அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அளக்கவில்லை, கல் நடவில்லை. நட்ட கல்லோ இங்கே, பனிக்கோட்டுக்கு உள்ளே, என் வலது மார்பில். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"பாகம் பிரிக்காத நெலத்துல அவங்க எப்படிடா கல்லு நடலாம்?" என்றாள்.