சந்தனமும் நிழல்தான்

மஞ்சள் கறை படிந்த துண்டு ஒன்றை ஒருமுறை ஒளித்துவைத்தேன். துவைத்தால் போய்விடும் கறைதான். துவைக்கிற இடத்தில் யாராவது பார்த்து, இது என்ன என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில், அதை மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் திணித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பள்ளிப்பட்டுக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் கிராமம் ஒன்றில் இரண்டே அறை கொண்ட தர்ம ஆஸ்பத்திரி. நான் கம்பவுண்டர். நடத்தியதெல்லாம் நர்ஸம்மாதான். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்; ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவருக்கு ‘நைனா’. அங்கே கரண்ட் போவது செய்தியே இல்லை, வந்தால்தான் பேச்சு. அதனால் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தை வைக்கும் குளிர்பெட்டிக்காக மாடியில் நான்கு சோலார் தகடுகள் மாட்டியிருந்தார்கள். பகலெல்லாம் வெயில் கரண்டாகிப் பேட்டரியில் சேரும். ராத்திரி அதில் பெட்டி ஓடும். மாட்ட வந்த மெட்ராஸ் ஃபிட்டர், “இலை, காக்கா எச்சம் எதுவும் மேல இருக்கக் கூடாது. தகட்டுல ஒரு சின்னக் கட்டத்துல நெழல் விழுந்தாக்கூட வரிசையே படுத்துடும்” என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார். பெட்டியின் டிகிரி முள் எட்டைத் தாண்டினால் மருந்து கெட்டுவிடும். அது இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் நர்ஸம்மாவுக்குக் காலைக் காபி இறங்கும். “இன்னும் கொஞ்ச நாள்ல ஊரெல்லாம் இதான் நைனா. சூரியனுக்கு யாரு ஃபீஸ் கட்டையப் புடுங்க முடியும்?” என்பார்.

நான் புடுங்கினேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு நர்ஸம்மா சொந்த ஊர் போயிருந்தார். “முள்ளப் பாத்துக்கோ நைனா” என்று அவர் சொன்ன ஒரே வேலை அதுதான். நான் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்துப் பிள்ளை. பொட்டு வைப்பதில் எங்கள் வீட்டில் கஞ்சத்தனம் கிடையாது. தராசு, ஊசிப் பெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். இத்தனைக்கும் உயிர் கொடுக்கிற தகடுகளை விடலாமா என்று மாடிக்கும் ஏறினேன். ஒவ்வொன்றிலும் குறுக்கே திருநீற்றுப் பட்டை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஃபிட்டர் சொன்ன நிழல் நன்றாகவே நினைவிருந்தது. சந்தனமும் நிழல்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திருத்தணிக்கு பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் காலையில் திரும்பிவந்து பார்த்தபோது முள் பதினெட்டில் நின்றது. மாடிக்கு ஓடி, தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தேன். அன்று நல்ல வெயில். மறுநாள் நர்ஸம்மா வந்து பார்த்தபோது முள் ஆறில் இருந்தது. நிம்மதியாகக் காபி குடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் ஊசி நாள். பதினோரு தாய்மார்கள். புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது என் கைதான். கெட்ட மருந்து கொல்லாது, காப்பாற்றாது, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ‘அவ்வளவுதானே’ என்னைத் தூங்கவிடவில்லை. தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பத்து நாள் கழித்து ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்தேன். அந்த வீட்டின் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை. பதினொன்றில் ஒன்று.

அன்றே நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டையும் எடுத்துக் காட்டினேன். அறைவார் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் தேவலாம். துண்டை வாங்கி மடித்து மேசைமேல் வைத்தார்.

“ஊசிக்கு முன்னாடியே அம்மை ஒட்டிகினு இருந்திருக்கலாம் நைனா. நாள் கணக்கு அப்டித்தான் வருது. ஆனா நீ பேசாம இருந்தியே, அதுக்கு இன்னா கணக்கு?”

பெட்டியில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, திருத்தணியிலிருந்து ஐஸ் பெட்டியில் புது மருந்தை பஸ்ஸில் கொண்டுவந்தார். வீடு வீடாகப் போய், “எங்க பெட்டி கெட்டுப்போச்சும்மா, திரும்பப் போடணும்” என்றார். திட்டினவர்களிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பெயரை எந்த வாசலிலும் சொல்லவில்லை. பத்துக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றாவது பிழைத்தது. காதில் சீழ் வைத்து, இடது காது கேட்காமல் போனது.

நர்ஸம்மா காலமாகிவிட்டார். இப்போது எனக்குப் பள்ளிப்பட்டில் மருந்துக் கடை. இந்த மலையோரத்து ஊர்களில் தெருவிளக்குக்குக்கூட சோலார் தகடு வர ஆரம்பித்திருக்கிறது. அவர் சொன்னது நடக்கத்தான் போகிறது. சந்தோஷப்படுகிறேன், ஆனால் ஒவ்வொரு தகட்டையும் அண்ணாந்து பார்த்து, மேலே எதுவும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் நகர்கிறேன்.

போன வாரம் அந்த நெசவாளர் வீட்டுப் பெண் கடைக்கு வந்தாள். ஏழாவது படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காகச் சின்ன சோலார் தகடு ஒன்றும் அதோடு சேர்த்த பொம்மை ஃபேன் ஒன்றும் கையில் வைத்திருந்தாள். “வீட்ல சுத்திகினு இருந்துச்சு மாமா, இப்ப சுத்த மாட்டேங்குது” என்றாள். கடை வாசலில் வெயில் கொளுத்தியது. தகட்டின் நடுவில், நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அவள் அம்மா வைத்த சந்தனப் பொட்டு, குங்குமத்தோடு.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. துண்டில் அதே மஞ்சள்.

“ஒரு பொட்டுதானே மாமா? அதுக்கா எல்லாம் நின்னுபோச்சு? எப்டின்னு சொல்லு” என்று கேட்டவள், நான் சொல்வது தெளிவாகக் கேட்பதற்காக வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.