ஜன்னல்களைச் சாத்திவிட்டு அடித்த பாலிஷ்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மார்ச் மாதக் கடைசியில் நடந்தது இது. பெங்களூரு தொம்மலூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், நாங்கள் வீடு வாங்கியிருந்தோம். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. வேலூரிலிருந்து என் வீட்டார் எல்லோரும் டிக்கெட் போட்டுவிட்டார்கள். படுக்கையறை அலமாரிகளுக்கு பாலிஷ் அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அலமாரி வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒரு பெயின்டரை அனுப்பினார். நாற்பதைத் தாண்டியவர். திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊர், இங்கே ஜீவனஹள்ளியில் குடியிருந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார். கழற்ற முடிந்த கதவுகளை அந்த அக்கா மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். சுவரோடு பதித்த அலமாரிகளுக்கு பெயின்டர் அறைக்குள்ளேயே நின்று ஸ்பிரே கன்னால் அடிப்பார்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கம்ப்ரஸரை வீட்டு வாசலுக்கு வெளியே வைத்து, நீளமான காற்றுக் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டார். ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன. முகத்தில் மட்டும் ஒரு கைக்குட்டை. மாஸ்க் இல்லையா என்று கேட்டேன். இருந்த ஒன்றையும் கான்ட்ராக்டர் வேறொரு சைட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புகார்கள் வரத் தொடங்கின. தின்னர் நாற்றம், கம்ப்ரஸர் சத்தம். பத்து மணிக்குச் செயலாளரே வந்துவிட்டார். மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பத்துக்காரர்.

"காரிடார் காமன் ஏரியா மேடம். மெஷினை உள்ள வெச்சுக்கோங்க. வாசனை வெளிய வரவே கூடாது, ஜன்னலெல்லாம் பந்த் பண்ணிடுங்க. இல்லேன்னா வேலைய நிறுத்துங்க, அஷ்டே, அவ்ளோதான்."

பெயின்டர் தயங்கினார். "மூடிட்டு அடிச்சா மூச்சு முட்டும் மேடம். ஒரு ஜன்னலாச்சும் தொறந்து வெக்கணும்."

கான்ட்ராக்டருக்கு போன் செய்தேன். அவர் சிரித்தார். "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் மேடம், வருஷக்கணக்கா இதத்தான பண்றாங்க."

பழக்கமாம்! நுரையீரலுக்குமா பழகிவிடும்? இப்போது கேட்கிறேன். அன்று கேட்கவில்லை. என் மனசெல்லாம் பால் காய்ச்சுகிற தேதியில் இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள்தான அண்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று பெயின்டரிடம் சொன்னேன். அவர் கம்ப்ரஸரை உள்ளே தள்ளினார். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு ஜன்னல்களையும் சாத்தித் தாழ் போட்டேன். அப்புறம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, நல்ல காற்று வரும் கீழ்த்தளத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து ஆபீஸ் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். சார்ஜரை மறந்துவிட்டேன் என்று மேலே போனேன். அறைக் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. உள்ளே பனிமூட்டம் போல ஒரே வெள்ளை. அவர் அலமாரியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. கையிலிருந்த கன்னின் விசையை விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. பாலிஷ் தரையில் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. "அண்ணா, அண்ணா" என்று உலுக்கினேன். ஏதோ குழறினார், ஒன்றும் புரியவில்லை.

நான் போட்ட கூச்சலில் அக்கா மொட்டை மாடியிலிருந்து ஓடி வந்தார். கம்ப்ரஸரை நிறுத்த நான் சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிப் போனேன்.

"சுவிட்ச் மேல கைய வெக்காத!" என்று அலறினார் அக்கா. "பொறி வந்தா ரூமே பத்திக்கும். ஜன்னலத் தொற, இவர வெளிய இழு!"

அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டவர். அந்த அதட்டலில்தான் எனக்குக் கைகால் ஓடியது. ஜன்னல்களைத் திறந்தேன். அவர் விரலைப் பிரித்துக் கன்னை விடுவித்தது அக்கா. இரண்டு பேருமாக அவரை மாடிப்படி வரை இழுத்தோம். காவலாளி வந்து தோள் கொடுத்தார். அக்கா கீழே ஓடி, மீட்டர் பெட்டியில் எங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு வந்தார்.

பக்கத்து மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் கன்னடத்தில் கேட்டார், "கிடகி ஓபன் இத்தா?" ஜன்னல் திறந்திருந்ததா என்று. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "மூடியிருந்துச்சு சார்" என்றார். யார் மூடினார்கள் என்று சொல்லவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். மூச்சு பழையபடி ஆக ஒரு மாதம் பிடித்தது. அன்று மதியமே நான் கான்ட்ராக்டருக்கு விஷயத்தைச் சொன்னேன். கான்ட்ராக்டர் போனில், "காலைல சாப்பிடாம வந்திருப்பான் மேடம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, கடைசி கோட்டுக்கு வேறு ஆளை எப்போது அனுப்பட்டும் என்று கேட்டார். மருத்துவமனை வராந்தாவில் நின்று வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், 'வாசனைப் பிரச்சினை தீர்ந்தது, ஒத்துழைப்புக்கு நன்றி' என்று செயலாளர் ஆங்கிலத்தில் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நடந்தது முழுவதையும் அங்கேயே எழுதிப் போட்டேன். ஜன்னலைச் சாத்தியது நான்தான் என்பதையும் எழுதினேன். சொந்த விஷயங்களைக் குழுவில் போட வேண்டாம் என்று பதில் வந்தது. சொந்த விஷயமாம்! பால் காய்ச்சுவதைத் தள்ளிவைத்தோம். கான்ட்ராக்டரை நிறுத்தினேன். இரண்டு மாதம் கழித்து வேறொருவர் வந்து, சரியான மாஸ்க் போட்டு, கம்ப்ரஸரை வெளியே வைத்து, ஜன்னல்களை விரியத் திறந்துவைத்து மிச்சத்தை முடித்தார். செயலாளர் வந்து நின்றார். முடிந்தால் போலீஸைக் கூப்பிடுங்கள் என்றேன். யாரும் வரவில்லை. வேலை ஒரே நாளில் முடிந்தது. அவ்வளவு சுலபமான விஷயம் அது.

நடுவில் ஒருநாள் ஜீவனஹள்ளிக்குப் போய்ப் பெயின்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க மேடம்" என்று சங்கடப்பட்டார். அக்கா வாசல் வரை வந்து சொன்னார்: "நீங்கதான் சாத்துனீங்கன்னு டாக்டர்கிட்ட நான் சொல்லல. சொன்னா நாளைக்கு எங்களுக்கு எவன் வேலை குடுப்பான்? அதுக்காகத்தான். உங்க மேல பாசத்துல இல்ல."

செயலாளர் மேலும் கான்ட்ராக்டர் மேலும் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர்களை எவ்வளவு திட்டித் தீர்த்தாலும் கடைசியில் மிச்சமாகிற கோபம் யார் மேல் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.