கீழ்வீட்டுக்கு ஒரு விசாரணை

1. கல்யாணமான புதிதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது.
2. கம்பம் ஊரில் நாங்கள் இருந்தது மாடி அறை. படியேறக் கூடாது என்றார் டாக்டர்.
3. தரைத்தளத்தில் காலியாக இருந்த என் ஆபீஸ் குவார்ட்டர்ஸைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.
4. கணவரோடு வசிக்கும் பெண்ணுக்குத்தான் அந்த வீடு என்பதால், விசாரிக்க ஒரு கிளார்க் வந்தார்.

என் கணவர் அப்போது கல்லூரி மாணவர். பனியனோடு எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏலே தம்பி, அக்கா வீட்டுக்காரரு எங்க?"

"நான்தான் சார்."

"யாருகிட்ட? மீசையே இன்னும் மொளைக்கல." கட்டிலில் கிடந்த என் பக்கம் திரும்பினார் கிளார்க். "நீங்க சொல்லுங்கம்மா, இவன் பேரென்ன?"

முல்லையாற்று வாய்க்கால்களுக்கு வரைபடம் போடுகிறவள் நான். கணவர் பெயரைச் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரியும். ஆனாலும் நாக்கு எழவில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய கல்லூரி அடையாள அட்டையைக் கைகாட்டினேன்.

"அதுல போட்டிருக்கு சார்."

கிளார்க் பேனாவைத் திறந்தார். "போதும்மா. தம்பியா இருந்தா பேரோட ரெண்டு வசவும் சேத்துச் சொல்லியிருப்பீக. இவுகதான் வீட்டுக்காரரு."

அதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. காமாலை மெதுவாக இறங்கியது. இன்றும் அந்தக் கீழ்வீட்டில்தான் இருக்கிறோம்.