காட்டில் லிஃப்ட் டாக்டருக்குக் கேட்ட ஒன்பது சத்தங்கள்

என் அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் லிஃப்ட் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதான லிஃப்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். இரண்டு மாடி ஏறுவதற்குள், "மேல மோட்டார்ல பேரிங் போச்சு" என்றோ "மூணாவது மாடிக் கதவு உரசுது" என்றோ சொல்லிவிடுவான். மற்றவர்கள் அரை நாள் கழற்றிப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்கள். முப்பத்தோரு வருடமாக அந்தக் காதுதான் வீட்டுக்குச் சோறு போட்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு அவன்மேல் இரண்டு வருடமாக ஆத்திரம். போன் செய்தால் எடுக்க மாட்டான். எடுத்தாலும் "சரி, சரி" என்று அண்ணியிடம் கொடுத்துவிடுவான். நேரில் போனால் நான் பாதி பேசும்போதே எழுந்து போய்விடுவான். எனக்கு வாய் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கூடப் பிறந்தவளை இப்படியா ஒதுக்குவது என்று அண்ணியிடம் பொரிந்து தள்ளினேன். "அவருக்கு வேலை ஜாஸ்தி" என்று அண்ணி பேச்சை மாற்றினாள்.

அவர்கள் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். எங்கள் மூவரையும் அங்கே வரவழைத்து, நான்காம் நாள் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போனாள். வழிகாட்டி ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண். அவள் சொல்வதை மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அண்ணன் அந்தப் பெண்ணுக்கு அடுத்ததாக, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தான். அவள் நின்றால் நின்றான், குனிந்தால் குனிந்தான். என் காலில் மூன்று அட்டைகள் ஏறியபோது நான் கத்திய கத்தலில், பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டமே ஓடி வந்தது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று அவன் முதுகுக்குப் பின்னாலேயே திட்டித் தீர்த்தேன்.

நடுவில் ஓரிடத்தில் வழிகாட்டி எங்களை வரிசையாக நிறுத்தினாள். மகள் அப்பாவின் எதிரே வந்து நின்று, வழிகாட்டி செய்ததுபோலவே கையாலும் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எல்லாரும் கண்ண மூடிக்கணும். கேக்கற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரல மடக்கணும். அவங்க தோளத் தொட்டா திறக்கலாம்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாவ யாராலயும் ஜெயிக்க முடியாது அத்தை."

கண்ணை மூடினேன். பூச்சி ஒன்று, தண்ணீர் ஒன்று, என் வயிறு ஒன்று. நான்காவதற்குக் காத்திருந்தபோது சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் முறிந்து விழுந்தது. இடி விழுந்ததுபோலிருந்தது. அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தோம். வழிகாட்டிகூட ஓரடி பின்வாங்கினாள்.

அண்ணன் மட்டும் கண்ணை மூடியபடி, லேசான சிரிப்போடு, ஏழாவது விரலை மடக்கிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறுத்து எட்டாவது. பிறகு ஒன்பதாவது.

வழிகாட்டி மெதுவாகப் போய் அவன் தோளைத் தொட்டாள்.

"ஒம்பது" என்றான் பெருமையாக.

"அப்பா, அந்த மரம் விழுந்ததே?" என்றாள் மகள்.

"ஆமாம்மா, குருவி எவ்வளவு அழகா கத்துச்சு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போதுங்க" என்று அவன் கையைப் பிடித்து ஒரு வேரில் உட்காரவைத்து, இடது காதருகே குனிந்து மரம் விழுந்ததை உரக்கச் சொன்னாள். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு அவன் மறுத்துப் பேசவில்லை.

"ரெண்டு வருஷமா காது இப்படித்தான்" என்றாள் அண்ணி என்னிடம். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்களே."

இரண்டு வருடமாக நான் பேசிய பேச்செல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. என் நாக்கை அறுத்துப் போட வேண்டும் என்றிருந்தது.

மகள் அவன் காதருகே போய்க் கேட்டாள். "அப்புறம் வேலைய எப்படிப்பா பாக்கறீங்க?"

"லிஃப்ட் கம்பியில கைய வெச்சா அதிர்வு கொஞ்சம் தெரியும்." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "மரம் பெருசா?"

மகள் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள். அண்ணன் சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "லிஃப்ட் அறுந்து விழுந்திருந்தாலும் இப்படியேதான் நின்னிருப்பேன், இல்ல?" என்றான்.

ஊர் திரும்பிய மறுநாளே வேலையை விட்டான். பிள்ளைகுட்டிகள் ஏறி இறங்குகிற லிஃப்ட் என்று ராஜினாமா கடிதத்தில் எழுதினானாம். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பேச்சு புரிகிறது. மோட்டாரும் கதவும் அதில் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறதாம்.

அவன் வீடு ஐந்தாவது மாடியில். போன வாரம் நான் போயிருந்தபோது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே இந்த அவஸ்தை? லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?"

நின்று மூச்சு வாங்கினான். "நல்லா ஓடுதுன்னு நீ சொல்ற. எனக்குத் தெரியலையே."