மாரியாயி கொடுக்காத படம்

பிரிக்பீல்ட்ஸில் என் ஃபோட்டோஸ்டேட் கடைக்கு நேர் மேலே திருச்செல்வம் வக்கீலின் அலுவலகம். அங்கே இருபத்தாறு வருடமாகக் குமாஸ்தாவாக இருப்பவர் மாதவி. ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். படியில் அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு யாருக்குத் திட்டு விழப்போகிறது என்று சொல்லிவிடுவேன். கட்சிக்காரர்கள் வக்கீலுக்குப் பயப்படுவார்கள். வக்கீல் மாதவிக்குப் பயப்படுவார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேல்முறையீடெல்லாம் தோற்று, நாடா கட்டி அலமாரியின் அடியில் தள்ளிவிட்ட கோப்புகளைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படிப்பார். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "முடிஞ்ச கேஸ ஏம்மா திரும்பத் திரும்பப் படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"உசுரோட இருக்கிற மனுஷன் ஃபைல எப்படிண்ணே முடிஞ்சிருச்சுன்னு கட்டி வைக்கிறது?" என்றார்.

அந்த மனுஷன் விமலன். ஜெஞ்சாரோம் பக்கத்துப் பையன், துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவன். 2014இல் கிள்ளானில் ஒரு கடைக்காரரைக் கொலை செய்ததாக அவனைப் பிடித்தார்கள். எதிர்க்கடையில் வேலை செய்த ஒருவர்தான் சாட்சி. அடர்ந்த முடி நெற்றியில் விழுந்திருந்தது, தடித்த மீசை, இந்தியன். அவ்வளவுதான் அவர் சொன்ன அடையாளம். அந்த அடையாளத்தை வைத்துப் பார்த்தால் கிள்ளானில் பாதிப் பேரை உள்ளே தள்ளலாம். மூன்று மாதம் கழித்து அவரிடம் பதினோரு ஆண்களின் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே" என்று முதலில் சொல்லியிருக்கிறார். அதுவும் கோப்பில் இருக்கிறது. பிறகு விமலனின் ஐசி அடையாள அட்டைப் படத்தைக் காட்டி இவன்தான் என்றார். தூக்குத் தண்டனைக்கு அது போதுமாக இருந்தது.

கொலை நடந்த நேரத்தில் விமலன் வீட்டில் இருந்தான். அப்பா இறந்து எட்டாவது நாள் அது. அம்மா மாரியாயி கூண்டில் ஏறி அதைச் சொன்னார். பெற்றவள் வேறு என்ன சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள்.

அதன்பிறகு மாரியாயி ஏறாத படி இல்லை. எம்.பி. அலுவலகம், மனித உரிமைச் சங்கம், கோயில் கமிட்டி என்று எல்லா இடத்துக்கும் மகனின் படத்தோடு மனுக் கொடுத்தார். அந்தப் படத்தை அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான். யாரோ உறவினர் கல்யாணத்தில் எடுத்தது. பட்டுச் சட்டை, சுருள் முடி, முறுக்கிய மீசை. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறானே என்று நான்கூடச் சொன்னேன். மாரியாயிக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது.

2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கிச் சட்டம் வந்தது. திருச்செல்வம் மனுப் போட்டார். புத்ராஜெயா நீதிமன்றத்தில் தூக்கு முப்பது வருடச் சிறையாக மாறியது. மாரியாயி வெளியில் வந்து வக்கீலின் காலில் விழப் போனார். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். மாதவி மட்டும் கோப்பை மார்போடு பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுநாள் மேலே சண்டை. என் கடை வரை கேட்டது.

"உயிரு தப்பிச்சதே பெரிசு மாதவி. இதுக்கு மேல போனா ஒண்ணும் நிக்காது."

"செய்யாத தப்புக்கு முப்பது வருஷமா பாஸ்?"

"புது ஆதாரம் இருக்கா? சொல்லுங்க, இன்னைக்கே போறேன்."

ஆதாரம் இல்லை. மாதவி கீழே இறங்கி வந்து, எனக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன என் தே ஓ கடுந்தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் புதிதாக வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அடுத்த வருடம் திருச்செல்வத்தின் அப்பா காலமானார். மூத்த மகன் என்பதால் கொள்ளி வைத்தவர் அவர்தான். தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு, காரியமெல்லாம் முடிந்து நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா, பதினைந்து வருடமாக அவருக்குச் சலாம் போட்ட மனிதர், தடுத்து நிறுத்தி ஐசி கேட்டிருக்கிறார். அட்டையிலிருந்த படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நீங்கள் இல்லையே என்று உள்ளே விட மறுத்துவிட்டாராம். வேறு வக்கீல்கள் வந்து சொன்ன பிறகுதான் வழி விட்டிருக்கிறார்.

திருச்செல்வம் இதை என் கடையில் நின்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதவி சிரிக்கவில்லை.

"பாஸ், விமலன் அப்பாவுக்கு யாரு கொள்ளி வச்சா?"

"அவன்தான். ஒரே பையன்லா."

சொல்லி முடித்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றது. நான் மெஷினை நிறுத்தினேன். கொள்ளி வைக்கும் அன்றே மொட்டை போட்டுவிடுவோம். கொலை நடந்தது எட்டாவது நாள். அன்றைக்கு அவன் தலையில் நெற்றியில் விழ முடி ஏது? தடித்த மீசை ஏது?

"நாப்பது தடவை படிச்சிருப்பேன் அண்ணே," என்றார் மாதவி. "அப்பாவோட இறுதிச் சடங்குல கலந்துகிட்டான்னு இருக்கு. என் கண்ணு அதைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்திருக்கு."

அவர் கண் மட்டுமா? அந்தப் படத்தை முந்நூறு பிரதி போட்ட என் கண் எங்கே போயிருந்தது? வழக்கு திருச்செல்வத்திடம் வருவதற்கு முன், முதல் விசாரணையில் விமலனுக்காக வாதாடிய வக்கீல் சீனர். அப்பாவின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டான் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்களோ அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை.

சிறைக்குப் போய்க் கேட்டதற்கு விமலனும் அதையேதான் சொன்னான். "அதப் போயி தனியா சொல்லணுமாக்கா? அப்பா செத்தா மொட்டை போடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்தானே?"

பிடிபட்டபோது மூன்று மாத முடி வளர்ந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வேனிலேயே ஜெஞ்சாரோமுக்குப் போனோம். மாதவி சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, விமலன் மொட்டையோட இருக்கிற படம் ஏதாச்சும் இருக்கா?"

மாரியாயி முகம் சுருங்கியது. இல்லை என்றார். அப்புறம் காப்பி கலக்கப் போனார். திரும்பி வந்து, "ஒண்ணு இருக்கு. அது நல்ல படம் இல்ல," என்றார். அலமாரியில் பழைய சேலைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார்.

துறைமுகத்துக்குள் லோரியோடு போவதற்கான நுழைவு அட்டை. மொட்டைத் தலை, மீசை இல்லாத மேலுதடு, அழுது வீங்கிய கண். படம் எடுத்த தேதி அட்டையிலேயே அச்சாகியிருந்தது. கொலைக்கு இரண்டு நாள் முன்பு.

"பழைய கேட் பாஸ் முடிஞ்சிருச்சின்னு முதலாளி கூப்பிட்டாரு. தீட்டு கழியாம வெளிய போகாதடான்னேன். கேக்காம போய் எடுத்துட்டு வந்தான். அதான் அவனப் பிடிச்சதும் யார் கண்ணுலயும் படாம ஒளிச்சு வச்சேன்."

மாதவி அந்த அட்டையைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திருச்செல்வத்துக்கு இன்னொரு கவலை. இந்த அட்டை விசாரணையின்போதே வீட்டில் இருந்திருக்கிறதே, ஏன் அப்போது கொடுக்கவில்லை என்று நீதிபதிகள் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே, தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கேட்டு அவர் போடப்போகும் மனு விழுந்துவிடலாம். மாரியாயியின் சத்தியப் பிரமாணத்தில் இதற்கு நல்ல பதிலாக எழுத வேண்டும் என்று அவர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மாதவி அவர் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, மாரியாயி சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்தார். அட்டை வழங்கிய அலுவலகத்தின் பின்னாலேயே ஐந்து மாதம் அலைந்து, படம் எடுத்த தேதி சரிதான் என்று கடிதமும் வாங்கினார். மூன்று முறை ஆள் இல்லை என்றார்கள். நான்காவது முறை சோற்றுப் பொட்டலத்தோடு போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மனு விசாரணை அன்று நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். எதிர்பார்த்தபடியே நீதிபதி அந்தக் கேள்வியைக் கேட்டார். திருச்செல்வம் பிரமாணத்தின் ஒன்பதாவது பத்தியைப் பார்க்கச் சொன்னார். நீதிபதி அதை வாய்விட்டுப் படித்தார். "என் மகன் நல்லவன் என்று காட்டத்தான் படம் கொண்டு போனேன். அப்பனைப் பறிகொடுத்து மொட்டைத் தலையோடு நிற்கிற பிள்ளையின் படத்தை எந்தத் தாய் வெளியில் கொடுப்பாள்?"

அரசுத் தரப்பு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு ரத்தாகி விமலன் வெளியே வந்தான்.

அதன் பிறகு மாரியாயி நான்கு மாதம் இருந்தார். மகன் கையால் சாப்பிட்டார், மகன் மடியிலேயே போனார். பதினேழாவது நாள் விமலன் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான். மழித்த தலையில் இப்போதுதான் முளை விட்ட முடி பாதி வெள்ளை.

"அண்ணே, பாஸ்போர்ட் சைஸ்ல ஒரு படம் எடுங்க. தேதி நல்லா தெரியணும்."

"முடி வளரட்டும்டா, அப்புறம் எடுத்துக்கலாம்," என்றேன். சொன்ன பிறகுதான் என் புத்தி இன்னும் திருந்தவில்லை என்று உறைத்தது.

"இல்லண்ணே. இப்பவே எடுங்க."

எடுத்தேன். இரண்டு பிரதி போட்டேன். மாதவி கீழே இறங்கி வந்தார். அவன் ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டு மற்றதை அவரிடம் நீட்டினான்.

"அக்கா, இது உங்க ஃபைல்ல இருக்கட்டும். அம்மாவுக்கு நான் காரியம் பண்ணேன்னு யாராச்சும் எழுதி வைக்கணும்."

மாதவி படத்தை வாங்கி, பின்பக்கம் திருப்பி, என் மேசையிலிருந்த பேனாவால் அன்றைய தேதியையும் மணியையும் எழுதினார். மொட்டை, மீசை இல்லை, தாய்க்குக் கொள்ளி வைத்த மகன் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். என்னையும் சாட்சியாகப் போடச் சொன்னார். போட்டேன்.