ஷூ போர்டு இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வேலையிலும் எனக்கு அதுதான் பழக்கம்.

1. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள், ஆம்பூரின் வரவேற்புப் பலகையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள்.
2. அதே சமயம் சித்தப்பாவுக்குக் குடியாத்தத்தில் பெண் பார்த்தோம்.
3. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள்.
4. அன்று மட்டும் ஆம்பூர் எங்கள் வீட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நான்காவதற்கு விளக்கம் தேவை.

அதை வரவேற்புப் பலகை என்று யாரும் சொன்னதில்லை. ஷூ போர்டு என்பார்கள். இரண்டு இரும்புக் குழாய்களின் மேல் நீலத் தகரம், அதில் ‘ஆம்பூர் தங்களை அன்புடன் வரவேற்கிறது’, மூலையில் ஆவி பறக்கும் பிரியாணி தேக்சா, உச்சியில் ஓர் ஆள் படுக்கலாம் போலத் தகரத்தில் வெட்டிய ஷூ. பஸ் நிறுத்தத்துக்கும் அதுவே பெயர். குடியாத்தத்திலிருந்து வந்தால் முதலில் எங்கள் வீடு, சற்றுத் தள்ளித்தான் போர்டு. அதாவது நாங்கள் ஊருக்கு வெளியே. அதன் பின்பக்கம் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று இருந்தது. ஊருக்குள்ளிருந்து வரும் விருந்தாளிகளை போர்டு வழியனுப்பி வைத்த பிறகுதான் நாங்கள் ‘வாங்க’ என்று சொல்ல முடியும்.

எங்கள் சிக்கல் தண்ணீர். போர்டுக்கு உள்ளே குழாய் உண்டு. வெளியே கிணறுகள் இருந்தன, ஆனால் தோல் பதனிடும் கழிவு இறங்கி அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. காலையில் லாரி வரும். அம்மாவுக்கு இடுப்பு வலி என்பதால் குடங்களைச் சித்தப்பாதான் தோளில் தூக்கி வருவார். அதில் பச்சைக் குடம் ஒழுகும். சாலையிலிருந்து வாசல்வரை ஈரக்கோடு விழும், அவர் சட்டை முதுகுவரை நனையும். அந்த நேரத்தில்தான் ஷூ கம்பெனி பஸ்களும் போகும். ஜன்னலோரப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் நின்று முறைத்ததில்லை.

பெண்ணின் அப்பா லுங்கித் தறி வைத்திருந்தார். தரகரிடம் அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: “பையன் வேன் ஓட்றாரு, சரி. எம்பொண்ணு கொடம் தூக்கக்கூடாது. ஆம்பூர் ஊருக்குள்ளனாதான் பேச்சு.” தரகர் ஊருக்குள்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு இடங்கள் இந்தத் தண்ணீராலேயே தட்டிப்போயிருந்தன. அப்போதெல்லாம் சித்தப்பா மறுநாளே வழக்கம்போல வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, கழுவிய வேனையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை அவர் சாலை வேலை சூப்பர்வைசரிடம் போனபோது நானும் கூடப் போனேன்.

“இன்னா தோஸ்த், ஊரையே தூக்கினு போறியா?” என்றார் விஷயத்தைக் கேட்ட சூப்பர்வைசர்.

“ஊரு அங்கியே இருக்கட்டும். போர்டு மட்டும் குடு. திங்கக்கெழம காலையில கொண்ணாந்துட்றேன்.”

சித்தப்பாவும் சாலை வேலை ஆட்களும் போர்டை வேனில் ஏற்றிக்கொண்டுபோய், எங்கள் வீட்டைத் தாண்டி, குடியாத்தம் பக்கமாக ஒரு புளியமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது. நாங்கள் ஆம்பூருக்குக் குடிவந்துவிட்டோம், வீட்டை மாற்றாமலே.

மறுநாள் அம்மா குடங்களையெல்லாம் பின்கட்டில் கோணி போட்டு மூடி வைத்தாள். பெண்ணின் அப்பா காரிலிருந்து இறங்கியதும் திரும்பி போர்டைப் பார்த்தார். தலையசைத்தார். குழாய் எங்கே என்று கேட்டபோது, லைன் வேலை நடக்கிறது என்றார் அப்பா. சாலை முழுக்கத் தோண்டிக் கிடந்ததால் அது நம்பும்படியாக இருந்தது.

வடை வைக்கும்போது, பையும் கையுமாக ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். போர்டைப் பார்த்து பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டாராம். பஜார் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“நேரா போங்க, பக்கந்தான்” என்றார் சித்தப்பா.

“எவ்ளோ பக்கம்?”

எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு முழு வடையை வைத்தாள். அந்த ஆளைச் சித்தப்பாவே வேனில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவந்தார். மாப்பிள்ளைக்கு இரக்க குணம் ஜாஸ்தி என்று பெண்ணின் அப்பா மகிழ்ந்துபோனார். அன்றே தட்டு மாற்றத் தேதி குறித்தார்கள்.

கல்யாண மண்டபத்தில், அலங்காரம் செய்துகொண்டிருந்த புதுச் சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“போர்டு இன்னும் புளியமரத்துலதான் இருக்குதா?”

“இல்ல சித்தி. திங்கக்கெழமையே பழைய எடத்துக்குப் போய்டுச்சி.”

“அப்ப நாம ஊருக்கு வெளியதான்” என்றாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொண்டே, “மொதல்ல அந்தப் பச்சைக் கொடத்த மாத்தணும். ஒங்க சித்தப்பா சட்டையெல்லாம் நனையுது” என்றாள்.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறைகூட வராதவளுக்கு, கோணிக்கடியில் இருந்த குடம் எப்படித் தெரிந்தது என்று வெகுநாள் யோசித்தேன். அவள் ஆம்பூரில் ஷூ தைத்தாள் என்பதும், தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் எங்கள் வீட்டைக் கடந்துதான் போனாள் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வயது அப்போது இல்லை. வீடு பார்த்துத் திரும்பிய அவள் அப்பா, புளியமரத்தில் கட்டியிருக்கும் போர்டைத் தாண்டித்தான் வீடு என்று சொன்னபோது, “ஆமாம்பா” என்று மட்டும் சொன்னாளாம். உண்மை தெரிந்த பிறகு அவர் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் தண்ணீர் குடிக்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

நான் இப்போது சாலைகளுக்கு அளவெடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஷூ போர்டு இருந்த இடத்தில் பச்சை நிறப் பெயர்ப் பலகை நிற்கிறது, ஷூ இல்லை. எங்கள் வீடு இன்னும் அதற்கு வெளியேதான். தெருக்குழாய் வந்துவிட்டது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிறார்கள். பச்சைக் குடம் போய் எவர்சில்வர் குடம் வந்திருக்கிறது. தூக்கி வருவது சித்தப்பாதான்.