குனியாத புலி

சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பலவேசம் இருபது வருடமாக லித்தோ அச்சுக் கல்லில் படம் வரைந்துகொண்டிருந்தார். சேவல், கிளி, தாமரை என்று கேட்டதை வரைவார். சொந்தமாக ஒன்று வரையவேண்டும் என்ற நினைப்பு, டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன்னால் ஓட்டிய பொம்மைப் படத்தைப் பார்த்த அன்று வந்தது. வரைந்த முயல் ஓடியது. அவருக்கு வீடு வந்து சேர்ந்தும் சோறு இறங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் முதலாளி அய்யாதுரை புதுப்படம் கேட்டபோது பலவேசம் துணிந்தார்.

"ஒரு தீவு மொதலாளி. அங்கன வேட்டையே கெடையாது. காவக்காரன் கையில துப்பாக்கி இல்ல, வெறுங் கம்புதான். மானும் புலியும் ஒரே ஓடையில தண்ணி குடிக்கும். இருபத்திநாலு படம். வரிசையா அடுக்கி விரலால தட்டிவிட்டா எல்லாம் அசையும்."

"பிள்ளைக சேத்து வைக்குமோ?"

"அதுக்குத்தான் மொதலாளி."

நாலு மாதம் வரைந்தார். முதலில் காவல்காரன் கம்போடு நடந்து போவான், அடுத்து மான் வரும், பிறகு புலி புதரிலிருந்து வந்து, வாயைத் திறந்து, குனிந்து, நாக்கால் தண்ணீரைத் தொட்டுத் திரும்பிப் போகும். மான் பயப்படாமல் ஓரமாக நிற்கும். ஒரு தாளில் இருபத்திநாலு படமும் அழகாக உட்கார்ந்தன.

ஆனால் ஐந்நூறு தாளை ஒன்றாக அடுக்கித்தான் கத்தி போடுவார்கள். வெட்டினால் ஒரே படம் ஐந்நூறு ஒரு கட்டாக வரும். இருபது வருடமாகப் பக்கத்து அறையில் நடந்த வேலை. வரைகிற மும்முரத்தில் அது அவர் நினைப்புக்கே வரவில்லை.

வீட்டில் லேபிள் ஒட்டும் அவர் மனைவி மாரித்தாய் கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. எல்லாம் பதினோராம் படம், புலி வாயைத் திறந்து நிற்பது.

"இதென்னங்க, ஒரு புலிக்கே இத்தனை கொட்டாவி?" என்று சிரித்தாள்.

பலவேசம் வெட்டுகிற ஒச்சப்பனிடம் ஓடினார். "கட்டுக்கு ஒண்ணா எடுத்துக் கலந்து அடுக்குப்பா."

"அண்ணாச்சி, லோடு ஏத்த லாரி நிக்குது. உங்க புலிக்கு நான் சீட்டுக்கட்டு கலைக்கவா?"

சாத்தூருக்கு மான் மட்டும் போனது. வெம்பக்கோட்டைக்குக் காவல்காரன் மட்டும். பத்தே நாளில் ஏஜெண்டு சீனிச்சாமி வந்து கத்தினார். "கடைக்குக் கடை வேற படம்! எழுத்து தெரியாதவன் படத்தப் பாத்துத்தானய்யா வாங்குறான். போலிச் சரக்குங்கான்!"

அய்யாதுரை யோசிக்கவேயில்லை. "எந்தப் படம் நல்லா ஓடுது?"

"கொட்டாவிப் புலி."

"அத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத அழிங்க."

கல்லைத் தேய்த்து அழித்தார்கள். தீவு போனது, புலி நின்றது. கடையில் ஆட்கள், "ஏலே, ஒரு கொட்டாவி குடுலே" என்று கேட்டு வாங்கினார்கள். "அது கொட்டாவி இல்லய்யா, தண்ணி குடிக்கப் போகுது" என்று பலவேசம் சொல்லிப் பார்த்தார். "எங்க குடிக்குது, ஆறு மாசமா அப்பிடியேதான நிக்குது?" என்றார்கள். பிறகு சொல்வதை விட்டார்.

அறுபத்தெட்டில் கல் தேய்ந்து படம் மங்கியது. புதுக்கல்லில் திரும்ப வரையச் சொன்னார் முதலாளி. பலவேசம் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டாம் படத்தை வரைந்தார். புலி ஒரு விரற்கடை குனிந்திருந்தது. அதுவாவது இருக்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

முதல் தாளைப் பார்த்ததும் சீனிச்சாமி தலையில் கை வைத்தார். "யாரோ நம்ம புலியப் பாத்துப் போலி போட்டிருக்கான் மொதலாளி! வாய் சரியில்ல, கழுத்து சரியில்ல."

"நான்தான்யா வரைஞ்சேன். அந்தப் புலியும் நான்தான் வரைஞ்சேன்."

"அப்ப ஒழுங்கா அது மாதிரியே வரையுமய்யா."

அய்யாதுரை பழைய தீப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். பலவேசம் அதை எடுத்துக்கொண்டு போய்க் கல்லின் முன் உட்கார்ந்தார். அதில் இருந்தபடியே கழுத்தை நிமிர்த்தினார். வாயைத் திறந்து வைத்தார். அதன் கீழே, நாக்குக்கு எட்டாத இடத்தில், ஓடையை வரைந்தார்.